பச்சை குத்தும் ஊசிக்கும் ஒரு விதி வேண்டும்

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடைக்கு மாநகராட்சி சுகாதாரப் பிரிவினர் சீல் வைத்தார்கள். அந்தக் கடையில் இளைஞர்களின் நாக்கை நுனியில் இரண்டாகப் பிளந்து, அந்தக் காட்சியைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள். இருவர் கைது செய்யப்பட்டார்கள். ஒரு வாரம் தொலைக்காட்சிகள் முழுக்க அதே பேச்சு. பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம்.

நாக்கைப் பிளந்ததால்தான் அதிகாரிகள் அங்கே போனார்கள். வெறும் பச்சை மட்டும் குத்திக்கொண்டிருந்தால், அந்தக் கடையில் ஒரே ஊசி எத்தனை பேர் கையில் ஏறி இறங்கியது என்று யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இட்லிக் கடை வைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். மருந்துக் கடைக்கு உரிமம் வேண்டும். மனிதர் தோலைத் துளைத்து, உள்ளே மையை இறக்கி, ரத்தம் கசிய வைக்கும் தொழிலுக்கு என்று இந்திய அளவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. உள்ளாட்சி நினைத்தால் மற்றக் கடைகளைப் போல ஒரு தொழில் உரிமம் கேட்கலாம். அந்த உரிமத்திலும் ஊசியைப் பற்றி ஒரு வரி இருக்குமா என்பது சந்தேகம்.

இதைத் தலித் மக்களுக்கான இந்தப் பகுதியில் எழுத வேண்டிய காரணம் என்ன என்று சிலர் கேட்கலாம். காரணம் ஒன்றல்ல. பச்சை குத்தும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் நம்மவர்கள். மலிவான இடத்தில், பாதுகாப்பில்லாத ஊசியில் குத்திக்கொள்பவர்களில் நம் பிள்ளைகள் அதிகம். குத்தி முடித்த ஊசியைக் குப்பையிலிருந்து அள்ளுவதும் பெரும்பாலும் நம்மவர்களே.

முதலில் நம் ஊர்ப் பக்கத்தைப் பார்ப்போம். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை கடற்கரைச் சாலை நிரம்பி வழியும். வளையல் கடை, பொரி கடை, பலூன் கடை வரிசையில் பச்சை குத்துபவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். வேதாரண்யத்தில் மாசி மகம், நாகூரில் கந்தூரி, ஊர் ஊராக அம்மன் கோயில் திருவிழா என்று ஆண்டு முழுவதும் அவர்களுக்குக் கூட்டம் உண்டு. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை செய்யும் பையனும், திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து விடுமுறைக்கு வந்த பையனும் அங்கேதான் அம்மா பெயரைக் குத்திக்கொள்கிறார்கள். பெரிய நகரத்து ஸ்டுடியோவில் சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். அங்கே கையுறை உண்டு, உறையைக் கண்முன்னே பிரித்து எடுக்கும் புது ஊசி உண்டு. திருவிழாக் கடையில் கூலி குறைவு. ஆளுக்கு ஒரு புது ஊசி போட்டால் அந்தக் கூலியில் கட்டுப்படியாகாது. ஊசி மாறாமல் போவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். குத்துபவரின் கெட்ட எண்ணம் அல்ல.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஊசி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில், சில மெஷின்களில் ஆயிரக்கணக்கில் தோலைக் குத்துகிறது. மேல்தோலைத் தாண்டி, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் மையை விடுகிறது. மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாக வரும். உள்தோல் அப்படி உதிராது. பச்சை அழியாமல் நிற்பது அதனால்தான். அந்த ஆழத்தில் ரத்தம் இருக்கிறது. ஊசியில் ஒட்டிய ரத்தம் மைக்கிண்ணத்துக்குப் போகிறது, கிண்ணத்திலிருந்து அடுத்தவர் உடம்புக்குப் போகிறது. ஊசியை மாற்றிவிட்டு மைக்கிண்ணத்தை மாற்றாமல் விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம். டெட்டாலில் துடைத்தாலும், வெந்நீரில் முக்கி எடுத்தாலும் ஊசி சுத்தமாகிவிடாது.

எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. 2022இல் வாரணாசியில் பச்சை குத்திக்கொண்ட சிலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அதைவிட எளிதில் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய்க் கிருமி. நோயுள்ளவர் ரத்தம் பட்ட ஊசி ஒருமுறை குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் முப்பது வரை போகலாம். உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். வந்தது பல ஆண்டுகள் தெரியாது. தெரியும்போது கல்லீரல் சுருங்கியிருக்கும்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் ஹெபடைட்டிஸ் பி ஊசி தமிழ்நாடு உள்ளிட்ட 10 மாநிலங்களுக்கு 2007-08 வாக்கில் வந்தது. 2011இல் நாடு முழுவதும் விரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில், தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் தவிர, மற்றவர்கள் போடாதவர்கள். அதாவது இன்று இருபதைத் தாண்டிய, பச்சை குத்திக்கொள்ள ஆசைப்படும் கிராமத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர். பெரியவர்களும் மூன்று தவணையாக, முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று போட்டுக்கொள்ளலாம். பச்சை குத்துவதற்கு முன்னால் இதைப் போட்டுக்கொள் என்று நம் பிள்ளைகளிடம் இதுவரை யார் சொல்லியிருக்கிறார்கள்?

மையின் கதை வேறு. 2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ், தம் மாநிலத்தில் எடுத்த பச்சை மை மாதிரிகளில் 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொல்லி, மைக்குத் தர நிர்ணயம் கொண்டுவர ஒன்றிய அரசைக் கேட்கப்போவதாக அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலேயே பச்சை மையில் சேரும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. இங்கே மைப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்ப வேண்டியதுதான். பல புட்டிகளில் எழுத்தே இருக்காது. இது நகராட்சி கையில் இருக்கும் விஷயம் அல்ல என்பதால் இத்தோடு விடுகிறோம்.

விதி கேட்கிறோம் என்பதால் பச்சை குத்துவதே தவறு என்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் பாட்டிமார்களின் முன்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோலம், தேள், புருஷன் பெயர், புள்ளி வரிசை என்று மணிக்கட்டு முதல் முழங்கை வரை பச்சை ஓடும். மஞ்சளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் சுற்றி எரித்த கரியை மையாக்கி, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே கூடும். அவர் வலி தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே குத்துவார். கூலியாக நெல்லும் பழைய சேலையும் வாங்கிப் போவார். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றித் தொகுத்த ஏழு தொகுதிகளில், பச்சை குத்தும் குறவர் பெண்கள் பற்றிய குறிப்புகள் உண்டு. தங்கம் வாங்க வழியில்லாத, சில ஊர்களில் வாங்கினாலும் போடவிடாத காலத்தில், பண்ணை வேலைக்குப் போன பெண்களுக்கு அது நகை. செத்தாலும் கழற்ற முடியாத நகை என்று கிழவிகள் சொல்வதுண்டு.

சத்தீஸ்கரில் கோயிலுக்குள் விடாத காரணத்தால் தங்கள் உடம்பு முழுவதும் ராமர் பெயரைக் குத்திக்கொண்ட ராம்நாமி என்ற தலித் மக்கள் இருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் அது. நம் வேதாரண்யத்தில் 2019 ஆகஸ்ட் 25 அன்று அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. மறுநாள் விடிவதற்குள் அரசு புதுச் சிலை வைத்தது. இன்று நம் பையன்களில் எத்தனையோ பேர் கையில் அவர் முகம் இருக்கிறது. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இதே ஊசி நம்மை இழிவு செய்யவும் பயன்பட்டிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1797 முதல் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 1849இல்தான் அதை ஒழித்தார்கள். ஒழிந்தது என்று நினைத்த பிறகும், 1993 டிசம்பரில் அமிர்தசரஸில் பஞ்சாப் போலீஸார், சாதிப் படிநிலையில் அடித்தட்டில் இருந்த பெண்கள் சிலரின் நெற்றியில் ‘பிக்பாக்கெட்’ என்று பொருள்படும் சொல்லைக் குத்தினார்கள். வழக்கு இழுத்து இழுத்து, 2016இல் பாட்டியாலா சிபிஐ நீதிமன்றம் மூன்று போலீஸாருக்குத் தண்டனை கொடுத்தது. இருபத்து மூன்று ஆண்டு.

விதி கேட்கும்போது நமக்குள்ள தயக்கம் இங்கிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் குறவர்கள் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். நரிக்குறவர்கள் வேறு சமூகம் (இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது வெளியாருக்கு வழக்கம்). அவர்கள் குருவிக்காரர்களோடு சேர்த்து 2023 ஜனவரியில்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். குறவர்கள் கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வதைபட்டவர்கள். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் அது விரிந்தது. 1947இல்தான் இங்கே ரத்தானது. சட்டம் போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. ஊரில் ஒரு திருட்டு நடந்தால் ஜீப் முதலில் எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட மக்களிடம் ‘உரிமம் எங்கே’ என்று லத்தியோடு கேட்கும் விதியாக இது ஆகிவிடக் கூடாது. திருச்சிச் சம்பவத்துக்குப் பிறகு நகரத்துக் கடைக்காரர் வக்கீல் வைத்துக்கொள்வார். திருவிழாவில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மெஷினைப் பிடுங்கினால் அவர் யாரிடம் போவார்?

தடை என்பது எதையும் தீர்க்காது. நியூயார்க் நகரம் ஹெபடைட்டிஸ் பரவுகிறது என்று 1961இல் பச்சை குத்துவதையே தடை செய்தது. 1997 வரை தடை இருந்தது, பச்சையும் இருந்தது. கடைக்குள் நடந்தது வீட்டுக்குள் போனது, அவ்வளவுதான். இங்கிலாந்து வேறு வழி பார்த்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பச்சை குத்துபவர், காது குத்துபவர் ஆகியோரை உள்ளூர் நகராட்சியே பதிவு செய்து, ஊசி, மை, கை கழுவும் இடம், கருவிகளின் சுத்தம் ஆகியவற்றுக்குத் தானே துணைவிதி போட்டுக்கொள்ளலாம். 18 வயதுக்குக் கீழே பச்சை குத்தக் கூடாது என்று 1969இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இதில் நமக்குப் பிடித்தது, வேலையை உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவிடம் கொடுத்தது. ஊசி சுத்தமா என்று பார்க்க சுகாதார ஆய்வாளர் போதும்.

நம்மிடமும் அதற்கு இடம் இருக்கிறது. 1939இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. வேதாரண்யம் நகராட்சி, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் தொழில் உரிமத்துக்கு நிபந்தனை போடலாம். ஊராட்சிப் பகுதியில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. தெருவோரத் தொழிலாளருக்கு 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. பொருள் விற்பவரை மட்டுமல்லாமல் தெருவில் சேவை செய்பவரையும் அந்தச் சட்டம் தெரு வியாபாரி என்றே சொல்கிறது. பச்சை குத்துபவர் அதில் வருவார். அடையாள அட்டை கேட்க அவருக்கு உரிமை உண்டு. நகர வியாபாரக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பெண்கள் இடம்பெற வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதை நம் இளைஞர்கள் யாராவது எடுத்துக்கொண்டு போய் நகராட்சி ஆணையரிடம் கேட்டால் நல்லது.

கட்டணம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் டீக்கடை, தையல், சலவை, முடிதிருத்தும் கடை வரை எல்லாவற்றுக்கும் தொழில் உரிமம் கட்டாயம் என்ற விதி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு அதை நிறுத்தி வைத்தது. நாமும் எதிர்த்தோம். அன்று எதிர்த்துவிட்டு இன்று உரிமம் கேட்கிறீர்களே என்றால், வித்தியாசம் இருக்கிறது. சலவைக்காரரிடம் உரிமம் வாங்கச் சொல்வதால் யாருடைய உயிரும் காப்பாற்றப்படப் போவதில்லை. வருமானத்துக்காக வந்த விதி அது. ரத்தம் படும் தொழில் அப்படியல்ல. ஆனாலும் தெருவோரத்தில் செய்பவருக்குப் பதிவு இலவசமாக இருக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, முதல் பெட்டி ஊசியும் கையுறையும் கொடுத்துவிட்டுப் பிறகு விதியைக் கேட்கட்டும். ஊசி விலையை ஏழையின் தலையில் கட்டிவிட்டு, மாற்றவில்லை என்று அபராதம் போடுவது நியாயமில்லை.

இனிச் சொல்வதுதான் நமக்கு முக்கியம். பச்சை குத்தி முடித்த ஊசி எங்கே போகிறது?

2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளைப் பாருங்கள். மருத்துவமனை, கிளினிக், ரத்த வங்கி, ஆய்வகம், கால்நடை மருத்துவமனை, தடுப்பூசி முகாம், பள்ளியின் முதலுதவி அறை வரை பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஊசியைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட்டு, மூடி, தனி வண்டியில் அனுப்ப வேண்டும். அந்த வரிசையில் பச்சை குத்தும் கடையின் பெயர் இல்லை. காது குத்தும் பேன்ஸி கடையும் இல்லை. ஆகவே அந்த ஊசி வாழை இலையோடும் டீ கப்போடும் சாதாரணக் குப்பையில் விழுகிறது. திருவிழா முடிந்த மறுநாள் விடியற்காலையில் கடற்கரையையும் ரத வீதியையும் சுத்தம் செய்யும் பெண்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். படம் எடுக்கும் நாளில் போடும் கையுறை மற்ற நாள்களில் இருப்பதில்லை. இருக்கும் கையுறையும் மெல்லியது, ஊசியை நிறுத்தாது.

ஊசி குத்தினால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும் என்று மேலே சொன்னோம். திருவிழாக் குப்பை அள்ளுவதற்குள் ஏழு நாள் ஆகிவிடுவதில்லை. பச்சை குத்திக்கொண்டவர் குறைந்தபட்சம் தானே தேடிப்போய்க் கையை நீட்டினார். குப்பை அள்ளியவர் எதையும் கேட்கவில்லை.

எனவே நகராட்சி எந்த விதியை எழுதினாலும் முதல் வரி ஊசிப் பெட்டியைப் பற்றியதாக இருக்கட்டும். வேதாரண்யம் அரசு மருத்துவமனையிலிருந்து மருத்துவக் கழிவு எப்படியும் தனி வண்டியில் போகிறது. பதிவு செய்த டாட்டூ கடையும் திருவிழாக் கடையும் தங்கள் ஊசிப் பெட்டியை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. பெட்டிக்குப் பெட்டி ரசீது கொடுத்தால், ஊசி மாற்றுகிறார்களா என்பதும் தானாகத் தெரிந்துவிடும். நூறு பேருக்குக் குத்தியவர் பெட்டியில் நான்கு ஊசி இருந்தால் கதை புரிந்துவிடாதா? அதோடு, நகராட்சியிலும் ஊராட்சிகளிலும் உள்ள தூய்மைப் பணியாளர் அனைவருக்கும், நிரந்தரம் ஒப்பந்தம் என்ற பேதம் பார்க்காமல், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

காது குத்துவதையும் இதில் சேர்த்தே பேசுகிறோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆசாரி பொன் ஊசியால் குத்துவது நம் வழக்கம். இன்று நகைக் கடையிலும் பேன்ஸி கடையிலும் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து ஒரே அழுத்தில் குத்திவிடுகிறார்கள். அந்தக் கருவி பெரும்பாலும் பிளாஸ்டிக். கிருமி நீக்கும் நீராவிச் சூட்டில், அதாவது 121 டிகிரியில், வைத்தால் உருகிவிடும். அதனால் யாரும் வைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி ஊசி, உறை பிரிக்காதது, என்பதே மேல். ஆசாரியின் உலோக ஊசியைக் குக்கரில் வைத்து எடுக்கலாம். வீட்டுக் குக்கரும் 15 பவுண்டு அழுத்தத்தில் ஓடுவதுதான். கைக்குழந்தைக்குக் குத்துகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

மாணவர்களுக்குச் சில வார்த்தை. இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தகட்டூர் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து ரோட்டில் ஓடுவதைப் பார்க்கிறோம். ராணுவம், துணை ராணுவம், போலீஸ் என்று தேர்வுக்குத் தயாராகிறார்கள். மத்திய ஆயுதப் படைகளின் மருத்துவத் தேர்வு விதியில், பச்சை இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோதான் இருக்கலாம். அந்த உறுப்பின் அளவில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். மத அடையாளமோ பெயரோ என்றால்தான் அனுமதி. வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பதால் அதில் கூடாது. கழுத்திலோ வலது முன்கையிலோ ஒரு மாலை நேரத்து உற்சாகத்தில் குத்திக்கொண்டது, ஓட்டத்தில் ஜெயித்து, எழுத்துத் தேர்வில் ஜெயித்து, மருத்துவர் முன்னால் நிற்கும்போது வெளியே அனுப்பிவிடும். லேசரில் எடுக்கலாம் என்பார்கள். பல முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், தழும்பும் நிற்கலாம். இந்த விதியைப் பச்சை குத்தும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கச் சொல்லி நகராட்சி நிபந்தனை போடலாமே.

18 வயதுக்குக் கீழே பச்சை குத்தக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிச் சின்னம் ஏறுவது இந்த மாவட்டத்துக்கு மட்டும் வராது என்று யாரும் சொல்ல முடியாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்த வெட்டுக்குப் பிறகு அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிக்குள் அனுமதிக்கக் கூடாது என்றது. கயிற்றை அறுத்துவிடலாம். பதினைந்து வயதில் கையில் குத்திய சாதிப் பெயரை, புத்தி தெளிந்த முப்பது வயதில் எப்படி அறுப்பது? ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இந்த விதி ஒன்றேதான்.

ரத்த தானம் செய்கிறவர்கள் கவனிக்க: பச்சை குத்திக்கொண்டாலும் உடம்பில் துளையிட்டுக்கொண்டாலும் ஓராண்டுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது. முகாமில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாகை மாவட்டக் கிராம ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லாமல் போவதில்லை. அடுத்த கிராம சபையில் தூய்மைப் பணியாளருக்குத் தடுப்பூசி, திருவிழாவில் ஊசிப் பெட்டி என்ற இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேளாங்கண்ணியில் அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால் மாவட்ட ஆட்சியர் துறை அதிகாரிகளைக் கூட்டிப் பேசுவார். குடிநீர், கழிப்பறை, போக்குவரத்து என்று பட்டியல் போடுவார்கள். பச்சை குத்தும் கடைகளும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குப்பையில் கிடந்த ஊசி குத்திவிட்டால், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், குப்பையில் கிடந்த ஊசி குத்தியது என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் இலவசம், பெயர் வெளியே போகாது. வழி தெரியவில்லை என்றால் 104, அல்லது 1097 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மேஸ்திரி ‘வேலை முடிந்து போ’ என்றால் கேட்க வேண்டாம்.